2147483647 ப்ரைமா இருக்கறது காரணமா, தற்செயலா?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி மொதல்ல ஒருதரம் சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. உங்க கடை சாஃப்ட்வேர்ல கஸ்டமர் டேபிளைத் திறந்து பாத்தீங்க, நூத்துக்கணக்கான பேருக்கு மொபைல் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல ஒரே நம்பர், 2147483647, உக்காந்திருக்கு. என்னடா இதுன்னு தேடினா "இது ஒரு ப்ரைம் நம்பர், எட்டாவது மெர்சென் ப்ரைம்"னு வருது. ப்ரைம்னா ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும் வகுபடற பகா எண், 2ஐ அடுக்கடுக்கா பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற ப்ரைம்தான் மெர்சென் ப்ரைம். அதனால கேட்டிருக்கீங்க, இந்த எண்ணுக்கு அப்படி என்ன விசேஷம், ப்ரைமா இருக்கறதாலதான் கம்ப்யூட்டர்காரங்க இதைப் பிடிச்சு வச்சிருக்காங்களான்னு. மேலோட்டமா பாத்தா இது ஒரு டேட்டாபேஸ் பக் பத்தின கேள்வி, ஆனா நீங்க உண்மையில கேக்கறது ஒரு எண்ணோட குணத்துல எது காரணம், எது தற்செயல்னுதான். நான் படிச்சது எண் கோட்பாடு, கொஞ்ச வருஷம் காலேஜ்ல பாடம் எடுத்தேன், அப்புறம் வயித்துப் பொழப்புக்கு சாஃப்ட்வேர் பக்கம் வந்து டேட்டாபேஸோட மல்லுக்கட்டறேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். சிப்பு எப்படி வடிவமைக்கறாங்கங்கறது நம்ம ஏரியா இல்ல, அதுக்குள்ள போகல.

சுருக்கமா சொன்னா, இது ப்ரைம், அதுல துளி சந்தேகம் கிடையாது. ஆனா உங்க டேபிள்ல வந்து உக்காந்ததுக்கும் ப்ரைம்ங்கறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அப்படி ப்ரைமா அமைஞ்சது ஒரு அதிர்ஷ்டம், அந்த அதிர்ஷ்டத்தைப் பின்னாடி வேற ஆளுங்க நல்லா உபயோகப்படுத்திக்கிட்டாங்க. இனி விவரமா.

நம்ம ஊர்க் கணக்குல இது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. சதுரங்கப் பலகையில மொத கட்டத்துல ஒரு அரிசி, அடுத்ததுல ரெண்டு, அடுத்ததுல நாலுன்னு இரட்டிச்சுக்கிட்டே போற கதை எல்லாருக்கும் தெரியும், அதுல 31 கட்டம் வரைக்கும் வச்ச அரிசிய மொத்தமா எண்ணுங்க, சரியா 2147483647 வரும். கம்ப்யூட்டர்ல நடக்கறதும் அதேதான். ஒரு சாதாரண முழு எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கறாங்க, 32 ஸ்விட்ச்னு வச்சுக்கங்களேன். அதுல ஒண்ணு பிளஸ்ஸா மைனஸான்னு சொல்றதுக்குப் போயிடுது, பாக்கி 31 ஸ்விட்சையும் ஆன் பண்ணா வர்றதுதான் இந்த எண். 2 பவர் 31 மைனஸ் 1. அதுக்கு மேல ஒண்ணு கூட்டணும்னா ஸ்விட்ச் இல்ல, அவ்வளவுதான் விஷயம். மைனஸ் பக்கம் மட்டும் ஒண்ணு கூடுதலா, மைனஸ் 2147483648 வரைக்கும் போகும், ஏன்னா பூஜ்யம் பிளஸ் பக்கத்து இடத்துல ஒண்ணை எடுத்துக்குது.

இப்ப நம்ம மொபைல் நம்பருக்கு வாங்க. இந்தியாவுல மொபைல் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9ல ஆரம்பிக்கும், அதை எண்ணா படிச்சா 600 கோடிக்குக் கீழ வரவே வராது. உங்க மொபைல் நம்பர் ஃபீல்டு இந்த 32 பிட் முழு எண் வகை, இன்ட்னு பேர். 214 கோடிதான் கொள்ளும்ங்கற பாத்திரத்துல 900 கோடிய ஊத்தினா என்ன ஆகும்? மைஎஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ்ல, கொள்ளாத எண்ணை மறுக்கற ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃப்ல இருந்தா அது எரர் அடிக்காது, ஒரு வார்னிங்க மட்டும் முணுமுணுத்துட்டு "என்னால முடிஞ்ச பெரிய எண் இதுதான்"னு 2147483647ஐ வச்சுட்டுப் போயிடும். எங்க ஆபீஸ்லயும் இதே கூத்து நடந்துச்சு. டெஸ்டிங்ல எல்லாரும் 12345678ன்னும் எஸ்டிடி கோடு போடாத எட்டு இலக்க லேண்ட்லைன் நம்பரும்தான் போட்டுப் பாத்தாங்க, எல்லாம் பாஸ். லைவ் போன அன்னிக்கு சாயங்காலம் அத்தனை பேருக்கும் ஒரே நம்பர். ஒரு பையன் புத்திசாலித்தனமா "மைனஸ் நம்பரே நமக்கு வேணாமே சார், அன்சைன்டு ஆக்கிடலாம்"னு மாத்தினான், அடுத்த நாள் புதுசா வந்த கஸ்டமர் எல்லாருக்கும் 4294967295. 32 ஸ்விட்சையும் ஆன் பண்ணா வர்ற எண் அது, 429 கோடி, அப்பவும் 600 கோடி கொள்ளாது. எல்லாரும் தலையில கைவச்சு உக்காந்திருக்க, நான் மட்டும் பேப்பர் எடுத்து அந்த ரெண்டாவது எண்ணைக் காரணிப்படுத்தி ரசிச்சுக்கிட்டு இருந்தேன், திட்டு வாங்கினேன். அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

ப்ரைம்ங்கறதாலதான் தேர்ந்தெடுத்தாங்களாங்கறதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, மத்த அளவுகளைப் பாருங்க. 8 பிட்டுன்னா உச்சம் 127, அது ப்ரைம். 16 பிட்டுன்னா 32767, அது 7 × 31 × 151, ப்ரைம் இல்ல. 32 பிட்டுன்னா நம்ம ஆளு, ப்ரைம். 64 பிட்டுன்னா 9223372036854775807, அது ஏழால ரெண்டு தடவை வகுபடும், ப்ரைம் இல்ல. 128 பிட்டுக்குப் போனா 2 பவர் 127 மைனஸ் 1, அது மறுபடி ப்ரைம். ப்ரைம் வேணும்னு யாராவது நெனச்சிருந்தா 16ஐயும் 64ஐயும் தொட்டிருக்கவே மாட்டாங்க. ஸ்விட்ச் எண்ணிக்கை 8, 16, 32ன்னு இரட்டிக்குது, அதுல ஒண்ணு கழிச்சா 7, 15, 31, 63, 127. இதுல 7, 31, 127 மூணும் ப்ரைம், 15ம் 63ம் இல்ல, சூட்சுமம் அங்கதான் இருக்கு.

2147483647ஐ பைனரில, அதாவது ஆன் ஸ்விட்சுக்கு 1, ஆஃபுக்கு 0ன்னு எழுதினா 31 ஒண்ணு வரிசையா நிக்கும், வேற ஒண்ணும் இல்ல. 32767ஐ எழுதினா 15 ஒண்ணு. 15 ஒண்ணை மூணு மூணா பிரிச்சா 111, 111, 111, 111, 111ன்னு அஞ்சு கட்டு சமமா வரும், பைனரில 111ன்னா 7, அதனால மொத்த எண்ணும் ஏழால வகுபடும். நம்ம சாதாரண எண்ணுல 111111 எப்படி 111ஆல வகுபடுதோ அதே கதை. 63 ஒண்ணையும் மூணு மூணா பிரிக்கலாம். ஆனா 31 ஒண்ணை எப்படிப் பிரிச்சாலும் சம கட்டு வராது, ஏன்னா 31 ப்ரைம். ஆக, அடுக்கு ப்ரைமா இல்லன்னா எண்ணும் ப்ரைமா இருக்க முடியாது, இது உறுதி. இதையே திருப்பிப் போட்டு அடுக்கு ப்ரைம்னா எண்ணும் ப்ரைம்னு சொல்லிடாதீங்க, ஸ்டூடன்ட்ஸ் வழக்கமா விழற குழி அது. 11 ப்ரைம்தான், ஆனா 2 பவர் 11 மைனஸ் 1 அதாவது 2047, 23 × 89ன்னு உடையும். 31க்கு முன்னாடி வர்ற 29 இன்னும் மோசம், 536870911 = 233 × 1103 × 2089, மூணு துண்டு. 31 தப்பிச்சது அதனால நெஜமாவே அதிர்ஷ்டம்தான்.

அந்த அதிர்ஷ்டத்தைக் கண்டுபிடிக்கவே ரொம்ப காலம் ஆச்சு. இத்தாலிக்காரர் கட்டால்டி 1603ல 23, 29, 31, 37 எல்லா அடுக்குமே ப்ரைம் தரும்னு எழுதி வச்சார், நாலுல மூணு தப்பு, 31 மட்டும் சரி. பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1644ல ஒரு பட்டியல் போட்டார், இந்த வகை ப்ரைமுக்கு அவர் பேரே ஒட்டிக்கிச்சு, அதுலயும் 31 இருந்துச்சு, ஆனா 67ம் 257ம் தப்பா இருந்துச்சு, 61, 89, 107 விட்டுப்போயிருந்துச்சு. ரெண்டு பேருமே 31க்கு நிரூபணம் எதுவும் தரல. சரியா சொன்னதுக்கும் நிரூபிச்சதுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா, அதனால பெருமை ஆய்லருக்குத்தான் போகணும். 1772ல பெர்னூலிக்கு எழுதின கடிதத்துல அவர் இதை முடிச்சு வச்சார், அப்ப அவருக்கு அறுபது தாண்டிடுச்சு, கண் பார்வையும் கிட்டத்தட்ட போயிடுச்சு.

அவர் பண்ணது என்னன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாம், ரொம்ப அழகான வேலை. ஒரு எண் ப்ரைமான்னு பாக்க அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கற ப்ரைம்களால வகுத்துப் பாத்தா போதும். இங்க வர்க்கமூலம் 46340க்கும் 46341க்கும் நடுவுல, அதுக்குள்ள ப்ரைம்கள் நாலாயிரத்து எழுநூத்துச் சொச்சம் இருக்கு, கையால வகுத்தா ஆயுசு போயிடும். ஆய்லர் யோசிச்சது இப்படி. ஒரு ப்ரைம் இதை வகுக்குதுன்னு வச்சுக்கங்க. அப்ப அந்த ப்ரைமால வகுத்து மீதி பாக்கறப்ப 2 பவர் 31க்கு மீதி 1 வரும். 31 ப்ரைம்ங்கறதால அதுக்கு முன்னாடி எந்த அடுக்குலயும் மீதி 1 வந்திருக்காது. ஃபெர்மாவோட சின்னத் தேற்றத்தைப் போட்டா, அந்த ப்ரைம்ல ஒண்ணு கழிச்சா 31ஆல வகுபட்டே ஆகணும், ஒற்றைப்படைங்கறதால 62ஆல. அடுத்து, 2 பவர் 32க்கு மீதி 2 வருது, 2 பவர் 32ங்கறது ஒரு முழு வர்க்கம், அதாவது அந்த ப்ரைமோட உலகத்துல 2 ஒரு வர்க்க எண். அப்படி இருக்கணும்னா அந்த ப்ரைமை எட்டால வகுத்தா மீதி 1 இல்ல 7 மட்டும்தான் வரும். ரெண்டு நிபந்தனையையும் சேத்தா, 248ஆல வகுத்தா மீதி 1 இல்ல 63 வர்ற எண்கள் மட்டும்தான் பாக்கி. 46340க்குள்ள அப்படி 373 எண்தான் இருக்கு, அதுலயும் ப்ரைம் இல்லாததைத் தள்ளிட்டா இன்னும் எவ்வளவோ குறையும்.

நீங்களே கால்குலேட்டர் எடுத்து ஆரம்பிச்சுப் பாக்கலாம். மொத எண் 63, அது ப்ரைம் இல்ல, தள்ளு. 249, மூணால வகுபடும், தள்ளு. 311, இது ப்ரைம், வகுத்துப் பாக்கணும், 311 × 6905092 போக மீதி 35, வகுபடல. அதுக்கப்புறம் 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாமே ப்ரைம் இல்ல, அடுத்து நிக்கறது 1303. அதால வகுத்தா மீதி 226. பாத்தீங்களா, ஆயிரத்து முந்நூறு வரைக்கும் ரெண்டே ரெண்டு வகுத்தல்ல வந்துட்டோம். இப்படியே 46339 வரைக்கும் போய் ஒண்ணும் வகுக்கலன்னு ஆய்லர் எழுதினார். பெரிய புள்ளிங்க எல்லாம் நேரா மோத மாட்டாங்க, மொதல்ல மோத வேண்டாத இடத்தையெல்லாம் அடிச்சுத் தள்ளிட்டுத்தான் ஆரம்பிப்பாங்கன்னு எங்க வாத்தியார் இந்தப் பாடம் எடுக்கறப்ப சொல்வார்.

இன்னிக்கு இதைவிடக் குறுக்கு வழி இருக்கு, லூகாஸ்-லேமர் சோதனை. 4ல ஆரம்பிங்க, வர்க்கம் பண்ணி 2 கழிங்க, பெரிசானா 2147483647ஆல வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கங்க. 4, 14, 194, 37634, 1416317954ன்னு போகும். இப்படி 29 தடவை பண்ணி பூஜ்யம் வந்தா ப்ரைம். இங்க கடைசிக்கு முந்தின படியில 65536 வந்து நிக்கும், அதை வர்க்கம் பண்ணி 2 கழிச்சா 4294967294, அது நம்ம எண்ணோட சரியா ரெண்டு மடங்கு, மீதி பூஜ்யம், முடிஞ்சுது. ஆய்லருக்கு அத்தனை வகுத்தல், இதுல 29 படி. அந்த 4 எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, அதுக்குத் தனியா ஒரு பதிலே எழுதணும்.

வகைப்பாடுன்னு பாத்தா, இது 10,50,97,565ஆவது ப்ரைம், எட்டாவது மெர்சென் ப்ரைம். இரட்டை மெர்சென் ப்ரைமும் கூட, அதாவது அடுக்குல இருக்கற 31 தானே ஒரு மெர்சென் ப்ரைம், 5ல இருந்து 31, 31ல இருந்து இது. இரட்டை மெர்சென் ப்ரைம் இதுவரைக்கும் நாலுதான் தெரியும், 7, 127, இது, அப்புறம் 2 பவர் 127 மைனஸ் 1. ட்வின் ப்ரைம் இல்ல, ரெண்டு கழிச்சா 5ல முடியுது, ரெண்டு கூட்டினா மூணால வகுபடுது, முந்தின ப்ரைம் 2147483629, அடுத்தது 2147483659. அந்த ரெண்டு கூட்டின எண்ணை மூணால வகுத்தா 715827883 வருது, அதுவே ஒரு ப்ரைம், வாக்ஸ்டாஃப் ப்ரைம்னு பேர். சோஃபி ஜெர்மைன் ப்ரைமான்னு, அதாவது இரட்டிச்சு ஒண்ணு கூட்டினாலும் ப்ரைமா வருமான்னு கேட்டா இல்ல, இரட்டிச்சு ஒண்ணு கூட்டினா வர்றது எங்க ஆபீஸ் பையன் கண்டுபிடிச்ச அதே 4294967295. திட்டு வாங்கின இடத்துக்கு வந்துட்டோம். அது 3 × 5 × 17 × 257 × 65537, அஞ்சும் ஃபெர்மா ப்ரைம் (2 பவர் 1, 2, 4, 8, 16ன்னு இரட்டிக்கற அடுக்கோட ஒண்ணு கூட்டினா வர்ற ப்ரைம்), நமக்குத் தெரிஞ்ச ஃபெர்மா ப்ரைம் மொத்தமும் அந்த அஞ்சுதான். ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு வரையலாம்னு தெரிஞ்ச ஒற்றைப்படைப் பக்க ஒழுங்கு பலகோணங்கள்ல அதிகப் பக்கம் உள்ளதுக்கு 4294967295 பக்கம், மொத்தம் அப்படி இருக்கறது 31 பலகோணம். மறுபடி 31! அதுக்கும் ரெண்டு மேல போனா 4294967297, ஃபெர்மா ப்ரைம்னு நம்பின எண், 1732ல இதே ஆய்லர்தான் 641 × 6700417ன்னு உடைச்சுப் போட்டார்.

இன்னொரு குணம் எனக்குத் தனிப்பட்ட முறையில ரொம்பப் பிடிக்கும். இந்த எண்ணை எட்டால வகுத்தா மீதி 7. எந்த முழு எண்ணோட வர்க்கத்தையும் எட்டால வகுத்தா மீதி 0, 1, 4 இதுல ஒண்ணுதான் வரும், வேணும்னா போட்டுப் பாருங்க. அதுல மூணை எடுத்து எப்படிக் கூட்டினாலும் 7 மீதி வரவே வராது. அதனால 2147483647ஐ மூணு வர்க்கங்களோட கூட்டுத்தொகையா எழுதவே முடியாது, கட்டாயம் நாலு வேணும். நாலு இருந்தா எந்த எண்ணுக்கும் போதும்னு லக்ராஞ்ச் 1770ல நிரூபிச்சுட்டார், அதுக்கு மேல போக வேண்டியதில்ல.

பெர்ஃபெக்ட் நம்பர் பத்தியும் தேடினதுல வந்திருக்கும். நம்ம எண் பெர்ஃபெக்ட் இல்ல, எந்த ப்ரைமும் இருக்க முடியாது, ஆனா இதை 2 பவர் 30ஆல பெருக்கினா வர்ற 2305843008139952128 எட்டாவது பெர்ஃபெக்ட் நம்பர், தன்னைத் தவிர மத்த வகுத்திகளைக் கூட்டினா அதே எண் திரும்ப வரும். 1811ல பீட்டர் பார்லோங்கற ஆங்கிலேயர், இதுக்கு மேல பெரிய பெர்ஃபெக்ட் நம்பரை யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல, உபயோகமே இல்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவாங்கன்னு எழுதினார். மனுஷங்களைப் பத்தி இவ்வளவு தப்பா கணிச்சவர் கம்மி. 1876லயே லூகாஸ் 2 பவர் 127 மைனஸ் 1 ப்ரைம்னு காட்டிட்டார், 2024 அக்டோபர்ல அறிவிச்ச மெர்சென் ப்ரைமுக்கு அடுக்கு 136279841, நாலு கோடி இலக்கத்துக்கு மேல. ஆய்லருக்கு அப்புறம் உலகத்துலயே பெரிய ப்ரைம்ங்கற பட்டம் நம்ம எண்கிட்ட எத்தனை வருஷம் இருந்துச்சுங்கறதுல மட்டும் ஒத்த கருத்து இல்ல. 1867 வரைக்கும்னு எழுதறவங்க அதிகம், ஆனா 1850கள்லயே வேற ரெண்டொரு எண்ணைச் சொல்லிட்டாங்க, அதுக்கு முறையான நிரூபணம் இருந்துச்சாங்கறதுலதான் சண்டை.

ப்ரைம்ங்கறது தற்செயல்னு சொன்னேன், ஆனா அந்தத் தற்செயலை வச்சுப் பொழச்ச கதை ஒண்ணு இருக்கு. 1969ல ஐபிஎம் 360 மெஷினுக்காக லூயிஸ், குட்மேன், மில்லர்னு மூணு பேர் ஒரு ரேண்டம் நம்பர் முறை கொண்டுவந்தாங்க, 1988ல பார்க்கும் மில்லரும் அதைக் குறைந்தபட்ச தரம்னு சொல்லிப் பரப்பினாங்க. கையில இருக்கற எண்ணை 16807ஆல பெருக்கு, 2147483647ஆல வகுத்து மீதிய எடு, அதுதான் அடுத்த எண். 1ல ஆரம்பிச்சா 16807, 282475249, 1622650073, 984943658ன்னு போகும், பாத்தா ஒரு ஒழுங்கும் தெரியாது. 16807ங்கறது 7 பவர் 5. வகுக்கற எண் ப்ரைமா இருக்கறதாலயும் 7க்கு அங்க ஒரு தனிக் குணம் இருக்கறதாலயும், 1ல இருந்து 2147483646 வரைக்கும் ஒவ்வொரு எண்ணையும் சரியா ஒரு தடவை தொட்டுட்டுத்தான் ஆரம்ப இடத்துக்குத் திரும்பும், நடுவுல சின்ன வட்டத்துல மாட்டிக்காது. 32 பிட் மெஷினுக்குள்ள அடங்கற மிகப் பெரிய எண்ணே ப்ரைமா அமைஞ்சது இவங்களுக்கு லட்டு மாதிரி. அதுமட்டுமில்ல, இதால மீதி கண்டுபிடிக்க வகுக்கவே வேண்டாம், மேல் பக்க பிட்டுகளை எடுத்துக் கீழ் பக்கத்தோட கூட்டினா போதும், ஒன்பதால மீதி பாக்க இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே தந்திரம். சி பிளஸ் பிளஸ் ஸ்டாண்டர்டுல இந்த முறை இன்னும் இருக்கு, நீங்களே எழுதிப் பாத்தீங்கன்னா 1ல ஆரம்பிச்சு பத்தாயிரமாவது எண் 1043618065 வரணும், வரலன்னா உங்க கோடுல தப்பு. ஓடிபி அனுப்பறதுக்கெல்லாம் இதை எடுத்துடாதீங்க, ஒரு எண் தெரிஞ்சா அடுத்தது எல்லாம் தெரிஞ்சுடும், கேமுக்கும் சிமுலேஷனுக்கும்தான் சரி.

நெட்ல இன்னும் சிலது போட்டிருப்பாங்க, ஹாப்பி நம்பர், எமிர்ப், இலக்கக் கூட்டுத்தொகை 46ன்னு. இதுல எனக்கு பெரிசா மரியாதை கிடையாது. இலக்கங்களோட வர்க்கத்தைக் கூட்டினா 260, அப்புறம் 40, 16, 37ன்னு சுத்த ஆரம்பிச்சுடும், 1ல போய் முடியாது, அதனால ஹாப்பி இல்ல. திருப்பிப் போட்டா 7463847412, இரட்டைப்படை, அதனால திருப்பினாலும் ப்ரைமா வரணும்ங்கற எமிர்ப் இல்ல. உண்மைதான், ஆனா இதெல்லாம் நாம பத்து விரல் வச்சு எண்றதால வந்த குணம். ப்ரைம்ங்கறதும் நாலு வர்க்கம் வேணும்ங்கறதும் எந்த அடிமானத்துல எழுதினாலும் மாறாது. நியூமராலஜிக்காரர் யாராவது 46, 10, 1, சூரியன்னு ஆரம்பிச்சா நகந்து போயிடுங்க.

இந்த உச்சவரம்பு இன்னும் பல இடத்துல தலைகாட்டும். 2014 டிசம்பர்ல யூடியூப்ல கங்னம் ஸ்டைல் வீடியோவோட வியூஸ் இந்த எண்ணைத் தாண்டினப்ப கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாத்தினதா அறிவிச்சாங்க. யூனிக்ஸ் சிஸ்டம்ல நேரத்தை 1970 ஜனவரி 1ல இருந்து வினாடிக் கணக்குல வைக்கறாங்க, 32 பிட்டுல வச்சிருந்தா அது 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 வினாடிக்கு இந்த எண்ணைத் தொடும், அடுத்த வினாடி 1901 டிசம்பருக்குப் போயிடும். புது சிஸ்டம் எல்லாம் 64 பிட்டுக்கு மாறியாச்சு, பழைய பெட்டிகள் எத்தனை மூலையில கிடக்குதுங்கறதுதான் கவலை.

இவ்வளவு சொன்னதுல நம்ம எண்ணைப் பத்தினது எல்லாமே முடிஞ்ச விஷயம். முடியாதது அதைச் சுத்தி இருக்கு. மெர்சென் ப்ரைம் முடிவில்லாம இருக்கான்னு யாராலும் நிரூபிக்க முடியல, பெரும்பாலானவங்க இருக்கும்னு நம்பறாங்க, நானும்தான், ஆனா நம்பிக்கை நிரூபணம் ஆகாது. ஒற்றைப்படை பெர்ஃபெக்ட் நம்பர் ஒண்ணாவது இருக்காங்கறதும் அப்படியே தொங்குது. 5ல இருந்து 31, 31ல இருந்து 2147483647, அப்ப இதையே அடுக்கா வச்சா இன்னொரு ப்ரைம் வராதான்னு ஆசையா இருக்கும், ஆனா வராது. அந்த எண்ணுக்கு 64 கோடி இலக்கத்துக்கு மேல, ஆனா 295257526626031ஆல வகுபடும். அந்த வகுத்தியில ஒண்ணு கழிச்சுப் பாருங்க, சரியா 2 × 68745 × 2147483647 வரும், ஆய்லர் 62ன்னு பிடிச்ச அதே விதிதான். 31க்குப் பதிலா 61ல இருந்து அதே மாதிரி ஏறினா வர்ற எண் ப்ரைமா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது.

கடைசியா உங்க டேபிள். அந்த ஃபீல்டை இன்ட்ல இருந்து வார்சாருக்கு, அதாவது எழுத்து வகைக்கு மாத்துங்க, 64 பிட் பிக்இன்ட் கொள்ளும், ஆனா முன்னாடி வர்ற பூஜ்யமும் பிளஸ் 91ம் போயிடும், போன் நம்பரைக் கூட்டவோ கழிக்கவோ போறதில்ல, அதை எழுத்தாவே வச்சுக்கறதுதான் முறை. ஸ்ட்ரிக்ட் மோடை ஆன் பண்ணுங்க, அப்பதான் அடுத்த தடவை கத்தும். ஏற்கெனவே 2147483647 ஆனதை மட்டும் எந்தக் கணக்கு போட்டும் திரும்ப எடுக்க முடியாது, 900 கோடியும் 600 கோடியும் ஒரே எண்ணா சுருங்கிடுச்சு, உள்ள எந்தத் தடயமும் இல்ல. வெப் சர்வர் லாக், எஸ்எம்எஸ் அனுப்பின கணக்கு, பேப்பர் ஃபார்ம் எதுல இருந்தாவது எடுக்கப் பாருங்க. எங்களுக்கு பில் புக்கோட கார்பன் காப்பி இருந்துச்சு, மூணு பேர் உக்காந்து மூணு நாள் டைப் அடிச்சோம், அன்சைன்டு பண்ண பையன்தான் அதிகம் அடிச்சான்.